மூச்சுவிட மறந்த பிள்ளை

அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டை கழற்றிய நான். என் நெஞ்சில் ஒட்டிக் கிடந்த, இன்னும் பெயர் வைக்காத என் மகள். தாதி தயாளினி மிஸ். சூட்டுப் பெட்டிக்குள் ஒரு குட்டி மகன். பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் அவனுடைய தாய் சபீனா. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரத் துணியாமல் நின்ற என் மச்சாள் பிலோமினா, அதாவது என் மனைவியின் தமக்கை. வேறு ஒருவரும் இல்லை. என் மனைவி றெஜினா அதே கட்டடத்தின் மற்றத் தொங்கலில், வேறொரு வாட்டில், கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள்.

மத்தியானம் கடந்த நேரம். வெளியே கச்சான், அந்த வறண்ட தென்மேல் காற்று, அடித்துக்கொண்டிருந்தது. யன்னல் கண்ணாடியில் மணல் வந்து உரசும் சத்தம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது.

பிள்ளை என் நெஞ்சில் தவளைக்குஞ்சு மாதிரிக் கை கால் மடக்கிக் கிடந்தாள். தலையில் ஒரு கம்பளித் தொப்பி. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து மிஸ் ஒரு பருத்தித் துணியால் சுற்றிக் கட்டியிருந்தா. பிள்ளையின் வயிறு என் நெஞ்சில் தட்டித் தட்டிப் போனது. ஒவ்வொரு தட்டும் ஒரு மூச்சு. நான் அதையே பார்த்துக்கொண்டு, இல்லை, அதையே கேட்டுக்கொண்டு இருந்தேன்.

தட்டியது. தட்டியது. பிறகு தட்டவில்லை.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டா. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தா. துணிக்குக் கீழே கையை விட்டு, பிள்ளையின் உள்ளங்காலில், கரம்போட்டில் காயைச் சுண்டுவது போல, விரலால் ஒரு சுண்டு.

பிள்ளை ஒரு தரம் உதறினாள். வயிறு திரும்பவும் என் நெஞ்சில் தட்டியது.

"என்ன மிஸ் நடந்தது?"

"ஒண்டுமில்லை. மறந்துபோனா."

"என்னத்தை?"

"மூச்சு விட."

ஏதோ பென்சிலை வீட்டில் மறந்துவிட்டு வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னா. "மாசம் காணாமல் பிறக்கிற பிள்ளையள் அப்படித்தான். இப்ப வயித்துக்குள்ள இருக்க வேண்டிய ஆள். அங்க மூச்சு விடுற வேலை இல்லையே. வெளியில வந்து இப்பத்தான் பழகிறா. இடைக்கிடை மறந்துபோகும். நாங்கள் ஞாபகப்படுத்த வேணும்."

மூச்சு என்பது மறந்துபோகக்கூடிய ஒரு சாமான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதை ஒரு விரலால் ஞாபகப்படுத்தலாம் என்பதும் தெரியாது.

பயந்த ஆள்

நான் எதற்கும் பயப்படுகிறவன். போன கிழமை இங்கே நான் எழுதிய, எங்கள் தகரக் கொட்டில் வீட்டைப் பற்றிய கதையைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காற்று அடித்தால் தகரம் பறக்கும் என்று பயம். காற்று நின்றால் ஏன் நின்றது என்று பயம். வள்ளத்தில் போனால் இயந்திரம் நின்றுவிடும் என்று அரைவாசித் தூரத்திலேயே எண்ணெயை எட்டிப் பார்ப்பேன். கூட மீன்பிடிக்க வருகிறவர்கள், "சூசை, கடல்ல தண்ணி வத்திப் போச்சோ எண்டும் ஒருக்காப் பார்" என்று பகிடி பண்ணுவார்கள்.

இது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் படிக்கிற காலத்தில் நாங்கள் குடும்பமாக இந்தியாவுக்கு வள்ளம் ஏறினோம். சனம் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தது. சின்னப் பிள்ளைகள் அழுதால் நேவிக்குக் கேட்டுவிடும் என்று தாய்மார் சேலைக்குள் மூடி வைத்திருந்தார்கள். என் கடைசித் தம்பி என் மடியில். அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியேதான் நான் கடலைக் கடந்தேன். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அவன் திருச்சியில் கல்யாணம் கட்டி, என்னைவிட இரண்டு மடங்கு தடிப்பாக இருக்கிறான். ஆனால் என் விரல் மட்டும் அந்த வள்ளத்தை விட்டு இறங்கவில்லை.

அங்கே அகதி முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது. நான்தான் போகவில்லை. வகுப்பில் இருக்கும்போது வீட்டில் யாருக்கும் ஏதும் நடந்துவிடுமோ என்று நினைத்து நினைத்து ஓடி வந்துவிடுவேன். ஓடி வந்து ஓடி வந்து, ஒரு நாள் போவதையே விட்டுவிட்டேன்.

இலுப்பைக்கடவையிலிருந்து

சண்டை முடிந்து, திரும்பி வரலாம் என்றான பிறகு வந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். இலுப்பைக்கடவைப் பக்கம் காணி. காணி என்றால் வெறும் பற்றைக் காடு. கண்ணிவெடி எடுத்து முடிந்தது என்று சொன்ன பிறகும் நான் ஒரு மாதம் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவில்லை.

றெஜினாவுக்கு அங்கேதான் பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம் கால் வீங்கியது. கர்ப்பவதிக்கு வீங்கும்தானே என்றார்கள். ஒரு காலை "கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது, தலை வெடிக்குது" என்றாள். நான் பயந்த ஆள் என்பதால் ஒருவரையும் கேட்கவில்லை. ஓட்டோ பிடித்தேன். அந்த வீதி அப்போது முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் மடுக் கோயில் மாதாவைக் கூப்பிட்டேன். பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் ஏறும்போது றெஜினாவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

பிறசர் கூடி வருகிற வலிப்பாம். தாயைக் காப்பாற்றப் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். எடுத்தார்கள். தாய் ஒரு வாட்டில், பிள்ளை ஒரு வாட்டில். நான் நடுவில் விறாந்தையில்.

பிள்ளையின் காலில் ஒரு துண்டு கட்டியிருந்தது. "பேபி ஒஃப் றெஜினா." அன்றிலிருந்து அந்த வாட்டில் எனக்கும் அதுதான் பெயர். "பேபி ஒஃப் றெஜினா வந்திட்டாரோ?" என்று மிஸ் கேட்டால் அது என்னைத்தான்.

கல்யாண வீட்டு மணம்

மூன்றாம் நாள் போல மிஸ் என்னை விறாந்தையில் பிடித்தா. குள்ளமான ஆள். நெற்றியில் சின்னப் பொட்டு. கதைக்கும்போது கை ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

"பிள்ளை குளிருது. சூட்டுப் பெட்டியில வேற பிள்ளை இருக்கிறார், அவர் இவவைவிடச் சின்ன ஆள். தாய் எழும்ப நாள் எடுக்கும். நீங்கள்தான் வைச்சிருக்க வேணும். போய்க் குளிச்சிட்டு வாங்கோ."

"எதில வைச்சிருக்கிறது மிஸ்?"

"நெஞ்சில."

என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். கடலில் கருகி, வலைக்கயிறு இழுத்துத் தழும்பு விழுந்த நெஞ்சு. மீன் மணம் தோலோடு ஊறினது. இதைக் கொண்டுபோய் அந்தப் பூப்போன்ற பிள்ளையில் எப்படி ஒட்டுவது? தோட்டவெளியில் மச்சாள் வீட்டுக்குப் போய், வாசச் சவர்க்காரம் கரையும் மட்டும் தேய்த்தேன். மச்சாளின் மகனுடைய ஓடிக்கொலோன் போத்தல் அலுமாரியில் இருந்தது. அதையும் கழுத்திலும் நெஞ்சிலும் கவிழ்த்தேன். மேலே பவுடர்.

வாட் வாசலில் மிஸ் மூக்கைச் சுருக்கினா.

"ஆற்றை கல்யாணம்?"

சூட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சபீனா முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தா. "மாப்பிள்ளை ஷோக்கா இருக்கார் மிஸ்."

"திரும்பப் போய் வெறும் தண்ணியில கழுவிக்கொண்டு வாங்கோ. இவ்வளவு வாசமும் பிள்ளைக்கு மூச்சு முட்டும். அதோட அவக்கு இப்ப கண் தெரியாது, மூக்குத்தான் கண். அப்பா ஆரெண்டு மணந்து பாத்துத்தான் கண்டுபிடிப்பா. நீங்கள் ஓடிக்கொலோன் பூசிக்கொண்டு வந்தால் போத்தலைத்தான் அப்பா எண்டு நினைப்பா."

"மீன் மணக்கும் மிஸ்."

"மீன்காரன்ர பிள்ளைக்கு மீன் மணக்காமல் மல்லிகைப்பூவோ மணக்கிறது?"

கழுவிக்கொண்டு வந்தேன். கதிரையைச் சாய்த்து என்னை இருத்தி, பிள்ளையைத் தூக்கி என் மேல் வைத்தா. ஒரு நல்ல விளைமீனின் பாரம்கூட இல்லை. ஈரத் துணி மாதிரிக் குளிர்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குளிர் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எது என் சூடு, எது அவள் சூடு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிஸ் கையின் பின்புறத்தால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "ம்" என்றா. அந்த 'ம்' எனக்குப் பூசை மணி மாதிரிக் கேட்டது.

துடக்கு

எங்கள் கரையில் சிலர் துடக்கு, அதாவது பிள்ளை பிறந்த தீட்டு, பார்ப்பார்கள், சிலர் பார்க்க மாட்டார்கள். எங்கள் சம்மாட்டி, வள்ளமும் வலையும் வைத்து எங்களுக்குத் தொழில் தருகிறவர், கடுமையாகப் பார்ப்பார். பிள்ளை பிறந்த வீட்டு ஆம்பிளை முப்பத்தொரு நாள் முடியாமல் அவருடைய வள்ளத்தைத் தொடக்கூடாது. தொட்டால் வலையில் ஒன்றும் விழாதாம். நான் போனில் சொன்னதும், "பிள்ளை சுகமோ" என்று கேட்கும் முன்னமே, "முப்பத்தொண்டு முடியாமல் இந்தப் பக்கம் வந்திராதை" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உழைப்பும் இல்லை, பெண்சாதிக்கும் ஏலாது, பிள்ளையும் இப்படி. மிஸ்ஸிடம் சொன்னேன். அவ சிரித்தா.

"உங்கட சம்மாட்டிக்கு நான் ஒரு கும்பிடு போட வேணும். மற்ற அப்பாமார் ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வேலைக்கு ஓடுவினம். உங்களுக்கு ஒரு மாசம் லீவெல்லோ தந்திருக்கிறார்!"

நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை.

மச்சாளுக்குத்தான் பொறுக்கவில்லை. றெஜினாவிடம் எடுத்த பாலைக் குட்டிக் கோப்பையில் மூடிக்கொண்டு வருவது அவதான். வாசலில் நின்றபடியே, "பொம்பிளையளுக்கு நடுவில சட்டை இல்லாமல்... என்ன மனிசன் இவர்" என்று சுவருக்குச் சொல்வா. ஒரு நாள் சேலைத் தலைப்பில் முடிந்து மடு மண் கொண்டு வந்திருந்தா. மடுக் கோயில் மண் எங்களுக்கு மருந்து. பாம்பு கடித்தாலும் அதுதான், காய்ச்சல் என்றாலும் அதுதான். "ஒரு கிள்ளு நாக்கில வைச்சு விடுங்கோ மிஸ், பிள்ளை தப்பிவிடும்."

மிஸ் ஏசுவா என்று நான் கண்ணை மூடினேன். அவ இரண்டு கையாலும் அந்தப் பொட்டலத்தை வாங்கினா. ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கி முடிந்து, பிள்ளையின் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டா.

"மாதா வாய்க்குள்ள போய்த்தானோ காப்பாத்த வேணும் அக்கா? தலைமாட்டில நிண்டால் காணாதோ?"

மச்சாள் யோசித்தா. "காணும்தான், அதுவே போதும்" என்றா.

பால் இறங்குகிற உயரம்

பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியாது. மூக்கு வழியாக நூல் மாதிரி ஒரு குழாய் வயிற்றுக்குப் போயிருந்தது. ஊசி இல்லாத சிறிஞ்சைக் குழாயில் செருகி, பாலை ஊற்றி, மிஸ் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பா. தள்ள மாட்டா.

"தள்ளினால் என்ன மிஸ்? கெதியா முடியுமெல்லோ."

"எங்களுக்குக் கெதியா முடியும். அவட வயிறு தாங்காது. தானா இறங்க வேணும்."

கையை ஒரு விரல் அளவு உயர்த்தினால் பால் கொஞ்சம் விரைவாக இறங்கும். கீழே பதித்தால் மெதுவாகும். பிள்ளையின் நெற்றி சுருங்கினால் மிஸ்ஸின் கை தானாகப் பதியும். நெற்றி விரிந்தால் உயரும். அவ பாலைப் பார்ப்பதே இல்லை. பிள்ளையின் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பா. நான் கடலில் எத்தனையோ பெரிய கெட்டிக்காரர்களைக் கண்டிருக்கிறேன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கை உயர்வதையும் பதிவதையும் பார்த்தபோது வந்த புல்லரிப்பு எனக்கு வேறு எங்கும் வந்ததில்லை.

திரும்பவும் அந்த மத்தியானம்

பிள்ளை முதல் தரம் மறந்து, மிஸ் சுண்டி, திரும்ப மூச்சு வந்தது என்று சொன்னேன் அல்லவா. அதன் பிறகு மிஸ் என் விரலைப் பிடித்து, பிள்ளையின் உள்ளங்காலில் எந்த இடம் என்று காட்டினா.

"இனி நீங்கள் பாருங்கோ."

"ஐயோ மிஸ், எனக்கு ஏலாது. நான் பயந்த ஆள்."

"தெரியும். நீங்கள் வந்த நாளில இருந்து பாக்கிறன். மற்ற ஆக்கள் பிள்ளையை வைச்சுக்கொண்டு நித்திரையாப் போவினம். நீங்கள் கண் வெட்டுறதே இல்லை. எனக்கு உங்களை மாதிரி ஒரு பயந்த ஆள்தான் வேணும்."

எனக்கு வந்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. ஆனால் அதை ருசிக்க நேரம் கிடைக்கவில்லை. சபீனா கதிரையை விட்டு எழும்பினா. "மிஸ், புள்ள நீலமாப் போறான்."

மிஸ் அங்கே போய்விட்டா. பெட்டியைத் திறந்து, அந்தக் குட்டி முகத்தில் குட்டி மூடியை வைத்து, பலூன் மாதிரி இருந்த பையை இரண்டு விரலால் அமத்தத் தொடங்கினா. அமத்தி, விட்டு. அமத்தி, விட்டு. சபீனா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஓதினா. அப்போதுதான், அதுவரை வாசலைத் தாண்டாத மச்சாள் வெறுங்காலோடு உள்ளே வந்து சபீனாவைத் தோளோடு அணைத்துக்கொண்டா.

அந்த நேரம் பார்த்து என் நெஞ்சில் தட்டுவது நின்றது.

காத்திருந்தேன். தட்டவில்லை. காலைச் சுண்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் பலமாகச் சுண்டினேன். பிள்ளையின் காது ஓரம் வெளிறத் தொடங்கியது.

"மிஸ்!" இந்தத் தரம் சத்தம் வந்தது.

அவ திரும்பவில்லை. திரும்ப முடியாது. கை அங்கே ஒரு மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே, சமையல் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னா: "பயத்தில இறுக்கிப் பிடிச்சிருப்பியள். கையை விடுங்கோ. கழுத்து மடங்கியிருக்கும், பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான். நான் இறுக்கிய இறுக்கில் அவளுடைய நாடி, அந்தச் சின்ன முகவாய், அவள் நெஞ்சிலேயே முட்டிக் கழுத்து மடங்கியிருந்தது.

"நாடியை நிமித்துங்கோ. மெதுவா. நிமித்தினியளோ? இப்ப முதுகைத் தேயுங்கோ. கீழ இருந்து மேல."

நிமிர்த்தினேன். தேய்த்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன முதுகு, கடல் ஓரத்தில் கிடக்கிற சிப்பி மாதிரி அசையாமல் இருந்தது. தேய்த்தேன். மாதாவைக் கூப்பிடவும் மறந்துபோனேன். தேய்த்தேன்.

ஒரு விக்கல். பிறகு ஒரு இழுப்பு. பிறகு தட்டியது.

"வந்திட்டுது மிஸ்."

"ஓம். கேட்டது."

அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறா! அங்கே ஒரு பிள்ளைக்குக் கை, இங்கே ஒரு பிள்ளைக்குக் காது. சற்று நேரத்தில் பெட்டிக்குள் இருந்தும் பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை கேட்டது. சபீனா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. மச்சாளும் பக்கத்தில் இருந்தா. மிஸ் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவி, தூவாலையில் துடைத்து, பிறகு என்னிடம் வந்து துணியைச் சரி பண்ணிக் கட்டினா. எனக்கு எழும்பி அவ காலில் விழ வேண்டும் போல இருந்தது. நெஞ்சில் பிள்ளை. எழும்ப முடியாது.

"தேத்தண்ணி குடிச்சியளோ?" என்று கேட்டா.

றெஜினா வந்த நாள்

அதற்குப் பிறகும் பிள்ளை மறந்தாள். ஒரு நாளைக்குப் பல தரம். பிறகு ஒரு தரம், இரண்டு தரம். பிறகு மறக்கவே இல்லாத ஒரு நாள் வந்தது. அதன் பிறகு இன்னொரு நாள். மிஸ் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. குழாயைக் கழற்றினா, அவ்வளவுதான்.

ஒரு காலையில் றெஜினாவைச் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் இன்னும் ஊதித்தான் இருந்தது. என் நெஞ்சில் கிடந்த மூட்டையை எட்டிப் பார்த்தாள்.

"இவதானோ?"

"இவதான்."

கையை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள். "நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு இவவைத் தெரியாது. அவக்கும் என்னைத் தெரியாது."

மிஸ்தான் றெஜினாவின் முன்னால் குந்தியிருந்தா. "ஆர் சொன்னது தெரியாதெண்டு? ஏழு மாசம் உங்கட நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவ. இவரைத்தான் பாவம், புதுசாப் பழகினவ."

என் துணியை அவிழ்த்தா. பிள்ளையைத் தூக்கினா. காற்றுப் பட்டதும் பிள்ளை கத்தினாள். அப்படி ஒரு கத்து நான் அவளிடம் கேட்டதே இல்லை. வாட் முழுக்கச் சிரித்தது. றெஜினாவின் நெஞ்சில் வைத்ததும் ஒரு தரம் மூக்கை உரசி, இரண்டு தரம் உரசி, அப்படியே அடங்கிப் போனாள். றெஜினா மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். கண்ணீர் பிள்ளையின் தொப்பியில் விழுந்தது.

"இவ என்னை மணக்கிறா" என்றாள்.

நான் குனிந்து, பிள்ளையின் நாடி நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நிமிர்ந்துதான் இருந்தது.

"சட்டையைப் போடுங்கோ பேபி ஒஃப் றெஜினா" என்றா மிஸ். "உங்கட அலுவல் முடிஞ்சுது."

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யன்னலுக்கு வெளியே நிலம் கொதிக்கிற மன்னார் வெயில். எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் முதுகெல்லாம் வியர்வைதான். ஆனால் நெஞ்சில், அவள் கிடந்த அந்த ஒரு சாண் இடம் மட்டும், மார்கழிக் கடலில் இறங்கி நிற்பது போல விறைத்துப் போயிருந்தது.